பொண்ணைக் கேட்டாச்சா?

எங்கள் ஊர் காஜா பெராங்கில் அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைகளில் பாதிப் பேருக்குக் கட்டில்காரர்தான் காரணம். அடிக்க வராதீர்கள். அவர் செய்து கொடுத்தது கட்டில் மட்டும்தான். தமிழர், சீனர், மலாய் பேசும் செட்டி வீட்டார், யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் இரட்டைக் கட்டில் அவர் கடையிலிருந்துதான் போகும். செங்கால் மரம். யானை படுத்தாலும் முனகாது.

முனகுகிறதா என்று சோதிக்க ஒரு முறை வைத்திருந்தார். கட்டிலைக் கடை வாசலில் போட்டு, செருப்பைக் கழற்றி ஏறி, தெருவே பார்க்கக் குதிப்பார். பிறகு மாப்பிள்ளையின் அப்பாவையும் ஏற்றிக் குதிக்க வைப்பார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு குதித்த பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர். "இப்ப சத்தம் வந்தா சிரிச்சிட்டுப் போயிரலாம். அப்புறம் வந்தா மாமியா மொகத்துல எப்படி முழிக்கிறது?" என்பார்.

அதைவிடப் பெரிய தொல்லை அவருடைய கேள்வி. முன்பணத்தை நீட்டினால் கையைக் கட்டிக்கொண்டு, "பொண்ணைக் கேட்டாச்சா?" என்பார். கட்டிலின் உயரத்தையா, கல்யாணத்தையா என்று புரியாது. இரண்டையும் கேட்டு வரவேண்டும். இல்லாவிட்டால் மரத்தில் கை வைக்கமாட்டார்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, அரிசிக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். மூட்டையைவிடப் பெரிய பாரம் என் கவலை. மழை பெய்தால் கூரையை நினைப்பேன், வெயிலடித்தால் தீப்பிடிப்பதை நினைப்பேன். மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வரப் போகிறது என்று ஊரே துள்ளியபோது, வெள்ளைக்காரன் போய்விட்டால் அரிசிக் கப்பல் வருமா என்று நான் தூங்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கு அதே மாதம் கல்யாணம். புக்கிட் காதிலுக்குச் சைக்கிள் மிதித்துப்போய், வருங்கால மாமியார் முன்னால் நின்று, "கட்டில் எவ்வளவு உயரம் வேணும்னு பொண்ணைக் கேக்கணும்" என்று சொன்னபோது எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊருக்கெல்லாம் தொட்டில் ஆடவைத்த கட்டில்காரருக்குப் பிள்ளை இல்லை. அவர் மனைவி அருள்மேரி அக்கா அதிர்ந்து பேசாதவர். காலையில் பூசை, பகலில் தையல், மாலையில் செபமாலை. தெருவுக்குத்தான் பொறுக்கவில்லை. செட்டி வீட்டு அம்மா மலாய் வேர் மருந்து கொடுத்தார். கோப்பிக் கடைச் சீனர் தார் போன்ற ஒரு கஷாயம் காய்ச்சினார். என் அம்மா லேகியம் கிண்டினாள். "கொறை எங்கிட்டதான்" என்று சொல்லி, கட்டில்காரர் எல்லாவற்றையும் வாங்கி அங்கேயே நின்று குடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார். எங்கள் தெருவிலேயே சளி பிடிக்காத ஒரே ஆள் அவர்தான்.

மெர்டேக்காவுக்காகத் தெரு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். சாமான்களை வெளியே எடுத்து வைக்க நானும் ஒரு கை கொடுத்தேன். கட்டில்காரரின் படுக்கையறையிலிருந்து வெளியே வந்தவை இரண்டு ஒற்றைக் கட்டில்கள்.

தெரு கட்டில்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்தது. பிறகு பேசியது, அன்று சாயங்காலம் தெங்கேராவரைக்கும் கேட்கும்படி. அங்கேதான் அக்காவின் அண்ணன் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் லோரி கடை வாசலில் வந்து நின்றது. தங்கையைக் கூட்டிப்போக வந்திருந்தார் அண்ணன். "ஏமாத்திக் கட்டியிருக்கான். இது கல்யாணமே இல்ல. சாமானை ஏத்து" என்றார். கட்டில்காரர் தலைகுனிந்து நின்றார். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவர் குடும்பம் உடைந்தால் இனி எந்த முகத்தோடு அடுத்தவர் குடும்பத்துக்குக் கட்டில் செய்வார்? வாசலில் பாதி முடிந்து நின்றது என் கட்டில் வேறு. சைக்கிளை எடுத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் பறந்து, சாமியாரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன்.

சாமியார் இறங்கியதும் அண்ணனைப் பார்த்து, "சூசையப்பரும் கன்னி மாதாவும் புருசன் பொண்டாட்டி இல்லன்னு சொல்லுவியா?" என்றார். அண்ணன் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கல்யாணத்தை உண்டாக்குறது ரெண்டு பேரோட சம்மதம். சம்மதிச்சு இப்படி வாழ்ந்தா அதுவும் முழுக் கல்யாணம்தான். ஆனா ஒருத்தர் முடிவு பண்ணி இன்னொருத்தர் மேல சுமத்தினா அது அநியாயம். அதை அவங்கதான் சொல்லணும். விருப்பமிருந்தா சொல்லட்டும்" என்று சாமியார் அக்காவின் பக்கம் திரும்பினார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் மொதல்ல கேட்டேன், அண்ணே. நான் கன்னியாஸ்திரியா போக ஆசைப்பட்டேன், அப்பா விடல. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, தனித்தனிக் கட்டிலா வாழ சம்மதமான்னு இவர்கிட்ட கேட்டேன். இந்தச் சாமிகிட்டயும் போயி கேட்டோம். அவசரப்படாதீங்க, வருசம் போகட்டும், மனசு மாறினா வந்து சொல்லுங்கன்னாரு. மாறல. கொறை என்னோடதுன்னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு இவரு அத்தனை மருந்தையும் குடிச்சாரு."

என் அம்மா மெதுவாக முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். லேகியத்தில் அவள் மிளகைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தாள்.

அண்ணன் கட்டில்காரரைப் பார்த்தார். "பிள்ளைன்னா உசிரு ஆச்சே உங்களுக்கு. எப்படி மாப்ளே ஒத்துக்கிட்டீங்க?"

"ஒரு வாரம் யோசிச்சேன், மச்சான். பிள்ளை இல்லாத வீட்ட நெனச்சுப் பாத்தேன். இவ இல்லாத வீட்டயும் நெனச்சுப் பாத்தேன். மொதல் வீட்டத் தாங்கிக்கலாம்னு தோணுச்சு."

லோரியைக் காலியாகத் திருப்பிக்கொண்டு போக அண்ணனுக்கு வெட்கம். "வேற ஏதாச்சும் ஏத்தணுமா?" என்று கேட்டார். அவர் காத்திருக்க, கட்டில்காரர் மடமடவென்று என் கட்டிலை முடித்தார். அதன்மேல் மச்சானையும் சாமியாரையும் ஏற்றிக் குதிக்கவைத்துவிட்டுத்தான் அனுப்பினார். சாமியார் அங்கியைத் தூக்கிக்கொண்டு நன்றாகவே குதித்தார்.

சாயங்காலம் சுண்ணாம்பு காய்ந்ததும் ஒற்றைக் கட்டில்களைத் திரும்ப உள்ளே போட்டோம். கட்டில்காரர் தன் கட்டிலில் படுத்து, அடுத்த கட்டிலை நோக்கிக் கையை நீட்டினார். எட்டவில்லை. "கொஞ்சம் தள்ளு லா" என்றார். தள்ளினேன். "இன்னும் கொஞ்சம்." விரல் நுனி அந்தக் கட்டிலின் சட்டத்தைத் தொட்டதும் எழுந்துகொண்டார். "ராத்திரி செபமாலைய கைக்குக் கை மாத்திக் கொடுக்கணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

என் கட்டில் இன்றுவரை முனகியதில்லை. முனகுவதெல்லாம் அதில் படுக்கும் நாங்கள்தான். கோபத்தில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்திருக்கும்போது, கட்டில்காரர் எங்கேயோ படுத்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம்" என்பதுபோல் இருக்கும். நான்தான் முதலில் கையை நீட்டுவேன்.