‘இப்படிக் குடு’ ஆசாமி மீன் பிடிக்கப் போன கதை

ஆண்டவன் எல்லாருக்கும் இரண்டு கைகள்தான் கொடுத்திருக்கிறான். பெரும்பாலோர் அதை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். ஆனால் நம் நடுவில் ஓர் இனம் உண்டு. அதற்குத் தன் கை இரண்டும் போதாது. பக்கத்தில் இருப்பவர் கையில் இருப்பதும் வேண்டும். அவசரப்பட்டுப் பையைத் தடவிப் பார்க்காதீர்கள், இது திருட்டு இனமில்லை. வாங்கிய பொருளை உடனே திருப்பிக் கொடுத்துவிடும், அதுவும் வேலையை முடித்து, கூடவே கொஞ்சம் புத்திமதியும் சேர்த்து. இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘இப்படிக் குடு’ ஆசாமி.

நீங்கள் ஒரு பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். பல்லைக் கடித்து, துணியைச் சுற்றி, உங்கள் பரம்பரைக்கே இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி முக்கால்வாசி திருகியிருப்பீர்கள். மூடியும் சரி போனால் போகட்டும் என்று இளகிக்கொடுக்கும் அந்த நேரத்தில் தோளுக்கு மேலே ஒரு கை நீளும். “இப்படிக் குடு.” மீதிக் கால்வாசியை அவர் திருகுவார். “பாத்தியா? அவ்வளவுதான்.” ஆயிற்று. அந்தப் பாட்டிலைத் திறந்தவர் அவர்தான். பூட்டில் சாவி போட்டால் வருவார், ஊசியில் நூல் கோத்தால் வருவார், நீங்கள் காரைப் பின்னுக்கு எடுத்தால் வெளியே நின்றபடியே இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் சுற்றுவார். பக்கத்தில் ஒருவருக்குத் தும்மல் வருகிற மாதிரி வந்து வராமல் தவிக்கும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதை வாங்கித் தும்ம ஒரு வழியில்லையே என்று துடித்துப் போவார், பாவம்.

கெட்டவரா என்றால் இல்லை. தங்கமான மனிதர். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். உதவி செய்கிறவரோடு எப்படி ஐயா சண்டை போடுவது?

நான் சொல்லப்போகிற ஆசாமி, அலுவலக நாற்காலிகள் விற்கும் ஒரு கம்பெனியில் மேலாளர். நாற்காலி வாங்க வருகிறவர்களை உட்கார விடாமல் தானே உட்கார்ந்து, சுழன்று, சாய்ந்து காட்டுவார். அவருடைய மனைவி, பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறாள். காலையிலிருந்து மாலைவரை ஆள் உயரப் பெட்டிகளைத் தூக்கி, கூரையைத் தொடும் அலமாரியில் சத்தம் வராமல் வைப்பது அவள் உத்தியோகம். கண்ணாடிச் சாமான் வந்தால் மேற்பார்வையாளர் அவள் பெயரைத்தான் கூப்பிடுவார். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்கு வந்து மெத்தைக்கு விரிப்புப் போட்டால்? “அந்த மூலைய இப்படிக் குடு.”

ஒரு பெட்டியைக்கூடக் கீழே போடாமல் வருஷக்கணக்காக வண்டி ஓட்டியதற்காகக் கிடங்கில் அவளுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். மலைகளுக்கு நடுவே இருக்கும் ஏரியில், வழிகாட்டியோடு, இருவருக்கு மீன்பிடிப் படகுச் சவாரி. உறையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிரித்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

கிளம்புகிற அன்று மகள் அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அப்பாவோடு வளர்ந்த பெண். பிறந்தநாள் பரிசுகளைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிரிக்கக் கற்றுக்கொண்டவள்.

“அம்மா, இது உனக்குக் குடுத்த பரிசு. ஒரே ஒரு மீனாவது நீயே புடிக்கணும். முழுசா நீயே. அப்பா கேட்டா குடுத்துடாத.”

“அடி போடி, மீனுக்காகவா போறேன்? காத்து வாங்கத்தான்” என்று சிரித்து மழுப்பினாள் அம்மாக்காரி. ஆனால் படியிறங்கும்போது மனசுக்குள் அது பிடித்துக்கொண்டுவிட்டது. ஒரு மீன். முழுதாக, தானே. எத்தனை வருஷமாயிற்று, ஒரு காரியத்தின் கடைசிக் கால்வாசியைத் தன் கையால் செய்து பார்த்து! ஆசை வந்துவிட்டது, பொல்லாத ஆசை.

ஏரி அன்றைக்கு அத்தனை அழகு. மலை தலைகீழாகத் தண்ணீருக்குள் நின்றது, அதன் மேல் பனி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதை அவள் பார்க்க முடிந்ததா? “அங்க பாரு. அங்க இல்லம்மா, என் விரலுக்கு நேரா.” படகுத்துறையில் அவள் கைப்பேசியை எடுத்து ஒரு படம் பிடிக்கப் போனாள். “தண்ணியில விழுந்துடும். இப்படிக் குடு.” கைப்பேசி அவர் சட்டைப் பைக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்தது. மிதவைச் சட்டையின் வாரை அவள் மாட்டியபோது அதையும் பிடுங்கி மாட்டிவிட்டு, “பாத்தியா?” என்றார்.

அப்போதுதான் வழிகாட்டி வந்தார். தொப்பி நிறைய தூண்டில் முள் குத்தியிருந்த பருத்த மனிதர். வந்தவர் அவள் சட்டையை ஒரு பார்வை பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார்.

“யார் மாட்டிவிட்டது, நீங்களா? வார் முறுக்கிக்கிட்டு இருக்கு. இப்படிக் குடுங்க சார்.”

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பாம்பின் கால் பாம்பு அறியும் என்பார்கள். இங்கே பாம்புக்குத் தெரியவில்லை, பாம்போடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த மனிதரும் அதே இனம்!

ஆமாம், சாட்சாத் அதே இனம்தான். தூண்டிலைப் பிறர் கையில் கொடுத்துச் சொல்லித்தருவது அவர் பிழைப்பு. ஆனால் கொடுத்த அடுத்த நிமிஷம் கை நமநமக்கும். இரை கோப்பார், வீசுவார், காத்திருப்பார், சுண்டியிழுப்பார். கடைசியில் மீனை உங்கள் கையில் வைத்து, சிரியுங்கள் என்பார். அவர் படகில் ஏறிய யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. யாரும் மீன் பிடித்ததும் இல்லை.

ஓர் உறையில் இரண்டு கத்தி. படகு கிளம்பியது.

“இந்த ஏரியில ஒரு சட்டம் உண்டு” என்றார் வழிகாட்டி. “புடிக்கலாம், பாக்கலாம், படம் எடுக்கலாம். அப்புறம் தண்ணியிலயே விட்டுடணும்.”

“தெரியும்” என்றார் நம்மவர். தெரியாது.

அவள் தூண்டிலை வீசினாள். அதாவது, வீசக் கையை ஓங்கினாள். கணவர் வாங்கி வீசினார். வழிகாட்டி அதைச் சுருட்டி மறுபடி வீசினார். எல்லாம் முடிந்து கம்பு அவள் கைக்கு வந்தது. தண்ணீரில் சிவப்புத் தக்கை ஆடாமல் நின்றது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தக்கை ஒரு முறை தலையாட்டியது. அடுத்த நொடி, முங்கியது.

“ஐயோ, கடிக்குது! குடு, குடு, குடு!”

கம்பு கணவரிடம் போனது.

“சார், அப்படி இழுத்தா அறுந்துடும். இப்படிக் குடுங்க!”

கம்பு வழிகாட்டியிடம் போனது.

“நான் புடிச்சிட்டிருக்கேன்ல? நீங்க குடுங்க!”

கம்பு திரும்பி வந்தது. இந்தக் கைமாற்றத்தில் யாரும் கேட்காத ஆள் மீன்தான். நிலவரம் சரியில்லை என்று அது முள்ளைத் துப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

“உங்க கை பட்டதும் போயிடுச்சு.”

“சார், நீங்க தொடாம இருந்திருந்தா இந்நேரம் மீனோட படம் எடுத்திருப்போம்.”

அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். வயிற்றெரிச்சலாக இருந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் தேமேயென்று உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் நம்மவருக்கு இப்போது வேறு கவலை. ஐம்பதை நெருங்கும் இந்த வாழ்க்கையில், அவர் கையிலிருந்து ஒரு பொருளை வாங்கிய முதல் ஆள் இந்த வழிகாட்டி. கண்டவன் வந்து வாங்கிக்கொண்டு போவதா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எனக்கும் ஒரு தூண்டில் குடுங்க, எப்படின்னு காட்டறேன்” என்று கையிலிருந்த கம்பை அவளிடம் தள்ளிவிட்டுப் படகின் முன் நுனிக்குப் போனார். “எங்க வீசணும்னு நான் காட்டறேன்” என்று வழிகாட்டியும் ஒரு தூண்டிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். நல்ல இடம் என்று இருவருக்கும் பட்டது ஒரே இடம். இருவரும் ஒரே சமயத்தில் வீசினார்கள். இரண்டு தூண்டில் நரம்பும் காற்றிலேயே கட்டிப்பிடித்து, முறுக்கி, முடிந்து, ஒரு சின்னக் குருவிக்கூடாகத் தண்ணீரில் விழுந்தன.

“இழுக்காதீங்க சார்!”

“நீங்க விடுங்க, நான் எடுக்கறேன்.”

“அந்த நுனிய இப்படிக் குடுங்க.”

“எந்த நுனி? இது என் நுனி!”

படகின் பின்பக்கம் அவள் தனியாக இருந்தாள். கையில் தூண்டில். பக்கத்தில் ஒருவரும் இல்லை. சின்ன வயசில் வீட்டில் எல்லாரும் வெளியே போயிருக்கும்போது வருமே ஒரு குறுகுறுப்பு, அது வந்தது. வழிகாட்டி கோத்ததைப் பார்த்து வைத்திருந்தாள். அதே மாதிரி இரை கோத்தாள். வீசினாள். தக்கை கிட்டத்திலேயே, கோணலாகத்தான் விழுந்தது. விழட்டும். அவள் வீசியது.

தக்கை முங்கியபோது அவள் வாய் தானாகத் திறந்தது. “என்னங்க” என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது, பழக்கதோஷம். பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். கம்பு வளைந்தது. மீன் இழுத்தது, அவள் விட்டாள். அது களைத்தது, அவள் சுருட்டினாள். கண்ணாடிச் சாமானை மேல் தட்டில் ஏற்றுகிறபோது நெம்புகோலைத் தொடுவாளே, அந்த நிதானம்தான். கம்பு வழியாக அதன் ஒவ்வொரு துள்ளலும் முழங்கைவரை வந்து சொல்லிவிட்டுப் போனது. இதையா இத்தனை நாள் அடுத்தவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று ஆத்திரம்கூட வந்தது.

மீன் படகோரம் வந்துவிட்டது. தூக்க வலை வேண்டும். வலை எங்கே? முன்னால், அந்த இரண்டு மகான்களின் காலடியில். போனால் வம்பு. அவள் மண்டியிட்டாள், குனிந்தாள், இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு அள்ளினாள். படகு ஒரு ஆட்டம் ஆடியது.

“ஆட்டாத! சும்மா உக்காரு!” என்றார் கணவர், திரும்பாமலே.

மடியில் மீன். நல்ல கெண்டை, முழங்கை நீளம், தங்க நிறம். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இதோ, முழுதாக, தானே. யாரிடம் சொல்வது? படம் எடுக்கலாமென்றால் கைப்பேசி அவர் பையில். ஒரே ஒரு குரல் கொடுத்தால் போதும், இரண்டு பேரும் விழுந்தடித்து ஓடி வருவார்கள். நாலு கை நீளும். “ஐயோ, அப்படியா புடிப்ப?” என்று ஒன்று. “மேடம், செவுள்ல கை வைக்காதீங்க” என்று ஒன்று. படத்தில் மீன் அவர்கள் கையில் இருக்கும், அவள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். காட்டினால் போய்விடும், காட்டாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். எது வேண்டும் உனக்கு?

அதிக நேரம் யோசிக்கவில்லை. முள்ளைப் பதமாகக் கழற்றினாள். ஒரு முறை ஆசை தீரப் பார்த்தாள். குனிந்து, தண்ணீருக்குள் கையை விரித்தாள். கெண்டை அவள் உள்ளங்கையிலேயே ஒரு மூச்சு நின்றது, பிறகு போய்விட்டது.

முன்பக்கம் ஒரு வழியாக முடிச்சு அவிழ்ந்தது, அதாவது அறுத்துவிட்டார்கள். நம்மவர் வெற்றியோடு திரும்பினார்.

“என்ன, ஒண்ணும் மாட்டலையா?”

“இல்லைங்க.”

“எப்படி மாட்டும்? கம்ப நீ புடிச்சிருக்கிற லட்சணம் அப்படி. இப்படிக் குடு.”

கொடுத்தாள். தாராளமாகக் கொடுத்தாள். அதற்குப் பிறகு இருட்டும்வரை இருவரும் மாற்றி மாற்றி வீசியும் ஒரு செதில்கூடக் கிடைக்கவில்லை. ஏரியில் மீனே இல்லை என்ற விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை ஏற்பட்டது.

வீட்டு வாசலிலேயே மகள் நின்றாள். “என்னம்மா, புடிச்சியா?”

“அம்மாவா? அம்மா நல்லாக் காத்து வாங்குனா” என்று கேள்விக்கான பதிலையும் கணவரே வாங்கிச் சொன்னார்.

மகளின் முகம் விழுந்தது. அம்மா அருகே போய், தன் உள்ளங்கையை அவள் மூக்கில் வைத்தாள். படகிலிருந்து வீடுவரை கழுவாமலே கொண்டுவந்த கை. மகள் ஒரு கணம் முகம் சுளித்தாள். மறுகணம் “அம்மா!” என்று கத்திக்கொண்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“என்ன அது? கையில என்ன?” என்று அவசரமாக வந்தார் நம்மவர். “இப்படிக் குடு, பாக்கறேன்.”

அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“குடுக்க மாட்டேன்” என்றாள்.

அவ்வளவுதான். இனி உங்களிடம் ஒரு வார்த்தை. அவள் அந்தக் கெண்டையைத் தண்ணீரில் விட்டபோது, ‘அடடா, ஒரு குரல் கொடுத்திருக்கலாமே, நானாக இருந்தால் இப்படிக் கோட்டை விட்டிருக்க மாட்டேனே’ என்று உங்களுக்குத் தோன்றியதா? உள்ளங்கை லேசாக நமநமத்ததா? அப்படியானால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்தால் மட்டும் போதும், தொட வேண்டாம். என்ன? இதெல்லாம் ஒரு முடிவா, அந்தப் பேனாவை இப்படிக் கொடு என்கிறீர்களா?

நினைத்தேன்.