விளக்கு எரிந்தால் விளக்கம் வேண்டும்

பாளையங்கோட்டையில் காரணம் சொல்லாமல் தும்மக்கூட முடியாத இடம் ஒன்று உண்டென்றால், அது எங்கள் அலுவலகத்தில் விளக்கம் மேடத்தின் மேசைக்கு எதிரில்தான். கண்காணிப்பாளர். சொந்தப் பெயர் வேறு, ஆனால் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எதற்கெடுத்தாலும் எழுத்துமூலமாக விளக்கம் கேட்பார். ஒருமுறை, மழையால் பிந்திவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். "நீ வார வழியில ஏழு தெரு இருக்கு. எந்தெந்தத் தெருவுல மழைன்னு எழுதலியே" என்று திருப்பிக் கொடுத்தார். எழுதினேன். நாலாவது தெருவில் வெறும் தூறல்தான் என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

இப்படிப்பட்டவர் ஐம்பத்தைந்து வயதில் கார் ஓட்டப் பழகி, பழைய கார் ஒன்றை வாங்கினார். என் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அதில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. சட்டி மாதிரி ஒரு படம், அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஏல, இது எதைப் பாத்து ஆச்சரியப்படுது?"

"டயர்ல காத்து குறைஞ்சா எரியும் மேடம்."

"எந்த டயர்ல?"

"அதைச் சொல்லாது மேடம்."

"அப்ப மொட்டைக் கடுதாசி" என்றார்.

நாலு டயருக்கும் காற்றடித்தார். விளக்கு அணையவில்லை. வண்டியை விற்றுக்கொடுத்த புரோக்கர், "அது சும்மா எரியும் மேடம், கண்டுக்கிடாதீய" என்றார். "அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க" என்று கேட்டார் மேடம். அன்றிலிருந்து புரோக்கர் போனை எடுப்பதில்லை. விளக்கின்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடலாம் என்று யோசனை சொன்ன எங்கள் டைப்பிஸ்டுக்கு மெமோ கிடைத்தது. கடைசியில், கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு மெக்கானிக் ஏதோ கருவியை மாட்டி விளக்கை அணைத்துக் கொடுத்தார்.

கல்யாணம் வள்ளியூரில். பத்தரைக்கு ஆலயத்தில் இருக்க வேண்டும். வீட்டார் எல்லோரும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். "மாப்பிள்ளைய நான் கொண்டு வாறேன்" என்று மேடம் அந்த விளக்கு எரியும் முன்பே சொல்லியிருந்தார். மறுக்கலாம்தான். ஆனால் விளக்கம் எழுத வேண்டிவரும். கோட்டு சூட்டோடு முன்சீட்டில் உட்கார்ந்தேன். டிக்கியில் மூன்றடுக்கு கேக்.

நாங்குநேரி தாண்டியதும் விளக்கு மறுபடி எரிந்தது. மேடம் ஒரு பஞ்சர் கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"மேடம், இன்னும் கொஞ்ச தூரந்தான்."

"யாரு குத்தம் சொல்லுதான்னே தெரியாம எப்படில போறது?"

பஞ்சர் கடைக்காரர் வெற்றிலையை மென்றபடியே நாலு டயரையும் அளந்தார். எல்லாம் முப்பத்து மூன்று. "யக்கா, காத்து சரியா இருக்கு. லைட்டுதான் பொய் சொல்லுது."

"பொய் சொல்லுததுக்கு அதுக்கு என்ன அவசியம்?"

மேடம் கைப்பையிலிருந்து சொந்த அளவுமானியை எடுத்து என்னிடம் கொடுத்தார். கல்யாணக் கோட்டோடு ஒவ்வொரு சக்கரத்துக்கும் முட்டி போட்டு நான் அளவு சொன்னேன். அவர் வெள்ளைத்தாளில் குறித்துக்கொண்டார்.

"வலது பின்."

"முப்பத்து மூணு மேடம்."

"சத்தமா."

அப்போது என் மாமனார் போன் செய்தார். என் கை அழுக்காக இருந்ததால் மேடமே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "மாப்பிள்ளை நல்லா இருக்காரு. முட்டி போட்டிருக்காரு."

"ஜெபம் பண்ணுதாரா? பண்ணட்டும், பண்ணட்டும்" என்று மாமனார் பயபக்தியோடு வைத்துவிட்டார்.

மேடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏல, இந்த வண்டிக்கு எத்தனை டயரு?"

"நாலு மேடம்."

"வாங்கையில பேப்பர்ல அஞ்சுன்னுல்லா எழுதியிருந்துச்சு."

கடைக்காரர் மெல்லுவதை நிறுத்தினார்.

டிக்கியைத் திறந்தோம். கேக்கை வைக்க வேறு இடமில்லாமல், கடை வாசலில் அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களின் மேல் வைத்தோம். கீழே நாலடுக்குக் கறுப்பு, மேலே மூன்றடுக்கு வெள்ளை. போய்க்கொண்டிருந்த லாரி ஒன்று நின்று, டிரைவர் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டார். விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியை அளந்தால், பதினான்கு.

"இதுக்குள்ளயுமா சென்சார வச்சிருக்கான்?" என்றார் கடைக்காரர்.

"டிக்கியில படுத்துக் கெடந்தாலும் அவனும் நம்ம ஆபீஸ் ஆளுதான?" என்றார் மேடம்.

காற்றடித்துக் கிளம்பினோம். இரண்டு கிலோமீட்டரில் விளக்கு தானாக அணைந்தது. மேடம் அந்த நேரத்தையும் தாளில் குறிக்கச் சொன்னார்.

ஆலயத்துக்கு இருபது நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். ஆர்கன் வாசிப்பவர் தெரிந்த பாட்டையெல்லாம் முடித்து, முதலிலிருந்து திரும்ப ஆரம்பித்திருந்தார். வாசலில் நின்ற மாமனார் அழுக்கேறிய என் முட்டிகளைப் பார்த்துக் கண் கலங்கினார். இவ்வளவு ஜெபிக்கிற மருமகனை அவர் எதிர்பார்க்கவில்லை.

எனக்கோ எரிச்சல் தாங்கவில்லை. "போயும் போயும் ஒரு லைட்டுக்காக, மேடம்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் குனிந்து, பட்டுச்சேலை முந்தானையால் என் முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "நான் மட்டும் போறதுன்னா கண்டுக்கிட்டே இருக்க மாட்டேன். ஒன்னைய வச்சிக்கிட்டு எப்படில விடுவேன்?"

போட்டோக்காரர் சரியாக அந்த நேரத்தில் அமுக்கியிருக்கிறார். கல்யாண ஆல்பத்தில் முதல் படம் அதுதான். நானும் மேடமும் மட்டும் இருக்கிறோம். அதை எடுத்துவிட்டு வேறு படம் வைக்கலாமா என்று ஆல்பம் செய்தவர் கேட்டபோது, எனக்கு முன்னால் என் மனைவிதான் வேண்டாம் என்றாள்.