ஐந்து வருடத்துக்கு முந்தைய பக்கம்

குட்டி நாய் குளியலறைக்குள் இருந்தது. நாய் வளர்க்கத் தடை இருப்பதால் மாலை ஐந்து மணிக்குள் அது வெளியேற வேண்டும் என்று குடியிருப்புச் சங்கத் தலைவர், இணையத்தில் உள்ள குடியிருப்பின் விவாதப் பக்கத்தில் எழுதிவிட்டார். எங்கே கிடைத்தது என்று கேட்டால் வாயைத் திறக்காத மகள், குளியலறை வாசலில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுதால் அவளுடைய அப்பா நூலகருக்குத் தாங்காது.

"அழாதம்மா. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே தலைவர் 'நாய் வளர்க்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை'ன்னு இதே பக்கத்துல எழுதினார். எனக்கு நல்லா ஞாபகமிருக்கு."

"ஞாபகமெல்லாம் செல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க," என்றாள் மனைவி.

உண்மைதான். அந்த வீட்டில் ஆதாரம் காட்டாமல் மழை வரும் என்றுகூட யாரும் சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. அந்த அம்மாளை நூலகர் தையல்காரம்மா என்றுதான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லாத பெண்மணி. நூலகர் ஜன்னலைச் சாத்திவிட்டு, விவாதப் பக்கத்தின் இணைப்பை இருபத்துநான்கு வீடுகளுக்கும் அனுப்பினார். 'தலைவர் சொன்னதை நீங்களே படியுங்கள்' என்று ஒரு வரியும் சேர்த்தார்.

எல்லோரும் படித்தார்கள். இணைப்பு இன்றைய பக்கத்தைத்தான் காட்டியது. அதுவரை நாய் விஷயமே தெரியாத வீடுகளுக்கும் தெரிந்துவிட்டது.

"ரொம்ப நன்றி சார். நானே எல்லாருக்கும் அனுப்பணும்னு இருந்தேன்," என்றார் தலைவர் போனில்.

பதறிப்போன நூலகர், இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் காப்பகம் ஒன்றில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தார். அது நொடியில் சேமித்துக்கொண்டது, தலைவரின் இன்றைய அறிவிப்பை. அழிக்க வழியில்லை.

"போகட்டும், நம்ம பேரப்பிள்ளைங்களும் படிக்கலாம்," என்றாள் மனைவி.

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, மேல 'வரலாறு'ன்னு இருக்கு பாருங்க. அதுல பழைய பக்கமெல்லாம் தேதிவாரியா இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனி இணைப்பு உண்டு."

இருந்தது. தலைவரின் வரி எழுத்து மாறாமல் இருந்தது. நூலகருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தேதி, மணி, நிமிடம் போட்டு மேற்கோளைத் தயாரிப்பதிலேயே ஐந்து மணியாகிவிட்டது. மீதிப் பக்கத்தைப் படிக்க அவருக்கு நேரமில்லை.

ஐந்து மணிக்குக் கூடிய சங்கக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைப் பெரிய திரையில் காட்டினார்கள்.

"நான்தான் எழுதியிருக்கேன், ஒத்துக்கிறேன்," என்ற தலைவர், பக்கத்தைக் கொஞ்சம் கீழே தள்ளினார்.

'நாய் குரைத்தால் என்னால் படிக்க முடியாது. தடை போடாவிட்டால் வீட்டைக் காலி செய்வேன். இப்படிக்கு, ஏழாம் எண் வீட்டு நூலகர்.'

"உங்க ஒருத்தருக்காகத்தான் சார் அந்தத் தடையே வந்துச்சு."

நூலகருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகளைப் பார்த்தார். மானம் போனால் போகட்டும் என்று தோன்றியது.

"என் ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"தேதி போட்டு எழுதிக் கொடுங்க," என்று தலைவர் சிரித்தார். "அப்புறம் தடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. குட்டி இருக்கட்டும்."

மகள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். கடைசி வரிசையிலிருந்து தையல்காரம்மா பெருமூச்சு விட்டபடி எழுந்தார்.

"அந்தக் குட்டியோட அம்மா அஞ்சு வருஷமா என் வீட்லதான் இருக்கு. அது குரைக்கிறப்பல்லாம் உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் மெஷினை ஓட்டினேன் சார். எனக்குத் தைக்கவே தெரியாது."