நான் வாபஸ் வாங்கிய போராட்டம்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த நாட்களில் ஒருமுறை அதை நான் தனியாளாக வாபஸ் வாங்கியிருக்கிறேன். தலைவர்களுக்குத் தெரியாது, அரசாங்கத்துக்கும் தெரியாது. கைப்பேசியில் வரும் பொய்ச் செய்தியை நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்து இன்று எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் வாயைத் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது (நான்தான் விட்டதாக வீட்டில் சொல்லியிருந்தேன்). பிறகு லாரி கிளீனர், செங்கல் சூளை, கல்வராயன் மலையில் கடுக்காய் மூட்டை. எங்கும் மூன்று மாதம் தாண்டியதில்லை. மலையிலிருந்து காய்ச்சலோடு இறங்கி, மூங்கில்துறைப்பட்டு போகும் சாலையில் ஒரு கிராமத்து மைக் செட் கடையில் ஒட்டிக்கொண்டேன். முதலாளி பெயர் தனபால். கடை விளம்பரத்துக்காகத் தினமும் சாயங்காலம் ரேடியோவின் மாநிலச் செய்தியைக் கூம்பு ஒலிபெருக்கியில் போடுவார். மறியல்காரர்கள் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ்ஸும் இல்லை, பேப்பரும் இல்லை. கூம்பு சொல்வதுதான் ஊருக்கு உலகம்.

செய்தி வாசிப்பவரின் குரல் எனக்கு அப்படியே வரும் என்று ஒரு நினைப்பு. தனபால் ஒப்புக்கொள்ளவில்லை.

"உன் தொண்டைக்கு 'ஹலோ, ஒன் டூ த்ரீ'யே ஜாஸ்தி. போய் ஒயரைச் சுத்து."

அது உறுத்தியது. அவர் சாப்பிடப் போன நேரத்தில் டேப் ரிக்கார்டரில் பேசி வைத்தேன். "மாநிலச் செய்திகள். போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. நாளை காலை முதல் சாலைகள் திறக்கப்படும். சர்க்கரை ஆலைகள் கரும்பை ஏற்றுக்கொள்ளும்." கடைசி வரிக்கு அவசியமே இல்லை. குரல் நன்றாக வந்ததால் சேர்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் தனபாலுக்குத் தெரியாமல் ரேடியோவுக்குப் பதில் கேசட்டை ஓடவிட்டேன். முடிந்ததும் "நான்தான்!" என்று சொல்லிக் கைதட்டு வாங்குவதாகத் திட்டம். ஆனால் கூட்டத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தனபால் எனக்குப் போண்டா வாங்கிக் கொடுத்து, "நல்ல சேதி வந்துகீது, நீயும் துன்னு" என்றார். தின்றேன். (வாயில் போண்டா இருக்கும்போது உண்மை பேச வராது. தின்று முடித்தபோது தைரியம் போயிருந்தது.)

மறுநாள் காலை ஏழுமலை கடைக்கு வந்தார். கரும்பு விவசாயி. ஆலை கொடுத்த வெட்டு உத்தரவு அன்றோடு முடிகிறது. வெட்டிய கரும்பு நாளுக்கு நாள் எடை குறையும் என்பதால், சாலை திறக்கட்டும் என்று கத்தி வைக்காமல் காத்துக் கிடந்தவர்.

"தனபாலு, உன் ஆளைக் கொஞ்சம் அனுப்பு. கூட வர ஆளு கம்மியா கீது. ராத்திரியோட ராத்திரியா ரெண்டு வண்டிக்கு வெட்டி ஏத்திட்டேன்."

வெட்டியே விட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

மூன்றாவது மைலில் மரம் கிடந்தது. அதன்மேல் மறியல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா பெரியவரே, எங்க போய்க்கினு கீறீங்க?"

"ஆலைக்குப்பா. அதான் வாபஸ் ஆயிடுச்சே."

"யாரு சொன்னா?"

"ரேடியோ."

ஒருவர் எழுந்தே விட்டார். "நம்மகிட்ட சொல்லாம ரேடியோகிட்ட சொல்லிட்டாங்களா? அப்ப நான் வூட்டுக்குப் போறேன். மாடு கன்னு போடப் போவுது."

"குந்துய்யா! இப்பதான் ஆளு வந்து சொல்லிட்டுப் போறான், எல்லா ரோட்லயும் மறியல் நடக்குதாம்" என்று அவர்களில் மீசைக்காரர் ஒருவர் அதட்டிவிட்டு, ஏழுமலை பக்கம் திரும்பினார். "கரும்பை ஏத்திக்கினு போறதுக்கு நீயே கதை கட்டிக்கினு வந்தியா?"

ஏழுமலை வாழ்நாளில் பொய்யன் என்று பெயர் வாங்காத மனிதர்.

"அவரு இல்லீங்க. ரேடியோவும் இல்லீங்க. நான்தான்" என்றேன்.

"நீயா? இந்த மூஞ்சியா? எங்க, வாசி பாப்போம்."

வாசித்தேன். அன்றுபோல் சுத்தமாக நான் எப்போதும் வாசித்ததில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஏழுமலை கரும்பைத் தடவிப் பார்த்தார்.

"காஞ்சி பூடுமே தம்பி" என்றார். அவ்வளவுதான். அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறியல் முடிய ஆறு நாள் ஆனது. கரும்பின்மேல் அதன் காய்ந்த இலையான சோகையைப் போட்டு மூடித் தண்ணீர் தெளித்தபடி வண்டியடியிலேயே கிடந்தேன். ஆலை உத்தரவை நீட்டித்து எடை போட்டபோது முக்காலுக்குக் கொஞ்சம் மேல்தான் நின்றது. தனபால் கடையில் சேர்க்கவில்லை. "போறதுன்னா போ" என்றார் ஏழுமலை. ஏனோ போகத் தோன்றவில்லை. மிச்சக் கரும்பை வெட்டினேன், அடிக்கட்டை மறுபடி துளிர்க்க மண் அணைத்தேன், அடுத்த வெட்டுக்கும் இருந்தேன். அதன்பின் அவர் தன் மகளை எனக்குக் கட்டி வைத்தார். (ஓடாமல் பிடித்து வைக்க வேறு வழி தெரிந்திருக்காது.)

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் வீட்டில் எது சொன்னாலும், மழை வருகிறது என்றாலும், மாமனார் "எதுக்கும் இன்னொரு ஸ்டேஷன்ல கேளு" என்பார். போன மாதம் எனக்கு நெஞ்சு வலி வந்தது. மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"செய்தி வாசிக்கறது யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்டோவுக்குப் போன் போட்டாள்.