காற்றுப் போன மாப்பிள்ளைக் கார்

மருமகனை யாரும் ஏச மாட்டார்கள். எங்கள் கரையோர ஊர்களில் ஒரு மாமியார் வீட்டில் இருக்கக்கூடிய மிகப் பெரிய ஆபத்து இதுதான். கல்யாணம் முடித்தால் எங்கள் பக்கத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. ஆண்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். போன அன்றிலிருந்து அவனுக்கு மீனில் நடுத்துண்டு, உட்கார நல்ல கதிரை, பிழை செய்தால் ஒரு புன்சிரிப்பு. ஏச்சைத் தாங்கலாம். அந்தப் புன்சிரிப்பை என்ன செய்வது? அதற்குள் அகப்பட்டு நான் சீரழிந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அட்டாளைச்சேனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு நான் மாப்பிள்ளையாகப் போய் அப்போது எட்டு மாதம். என் மனைவி ஹஸீனாவின் தம்பி றிஸ்வான், அதாவது என் மச்சான், கட்டாரில் ஏழு வருடம் வெயில் குடித்து ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தான். பழைய கார்தான். ஆனால் நாலு சில்லும் அலோய் வீல். சாதாரண இரும்பு றிம் இல்லை, பளபளவென்று பூப்போல விரிந்த அலோய். அவன் காரைத் துடைப்பதைப் பார்க்க வேண்டும். உடம்புக்கு ஒரு துணி, சில்லுகளுக்குத் தனித் துணி, சந்து பொந்துக்கு ஒரு பழைய பல் பிரஷ். வெள்ளிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். பெண் மருதமுனை. அந்தக் காரில்தான் மாப்பிள்ளையாகப் போய் இறங்குவேன் என்று கட்டாரில் இருந்த காலமெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு சிக்கல் வந்தது. வரிப்பத்தான்சேனையில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு இன்னும் கல்யாணம் சொல்லவில்லை. கார்ட் அனுப்பினால் சரிவராது. வாசலில் போய் நின்று வாயால் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு சாவு, மையத்து என்றாலும் வர மாட்டார்கள். "நான் போய்ச் சொல்லிட்டு வாறன்" என்றேன். (யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாக வாயைக் கொடுத்தேன்.)

மச்சான் கொஞ்சம் தயங்கினான். பிறகு சாவியை நீட்டினான்.

"ரோட்டுல குண்டும் கிடங்கும் கூட, மச்சான். பாத்துப் போங்க."

"எனக்கா சொல்லுறீங்க?" என்று சிரித்தேன். லைசென்ஸ் எடுத்து ஒன்பது மாதம். அதில் எட்டு மாதம் அதைப் பேர்ஸுக்குள் வைத்து அழகு பார்த்ததுதான்.

போன காரியம் ஒழுங்காகவே முடிந்தது. நாலு வீட்டில் சொன்னேன், நாலு வீட்டிலும் தேத்தண்ணி குடித்தேன். திரும்பி வரும்போதுதான் விதி ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. வேளாண்மை வெட்டு முடிந்த காலம். பாதி ரோட்டுக்கு நெல் பரப்பியிருந்தார்கள். நெல்லில் சில்லை ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அப்படிப்பட்டவனா? சோற்றை மிதிப்பேனா? மிகுந்த மரியாதையோடு வலது பக்கம் வெட்டினேன். அங்கே கொஞ்சம் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. தண்ணீருக்குக் கீழே ரோட் இருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

டமார்!

அந்தச் சத்தம் இன்றைக்கும் என் முதுகெலும்புக்குள் இருக்கிறது. இறங்கிப் பார்த்தேன். முன் வலது சில்லு. டயர் செத்துவிட்டது. அது போகட்டும், அலோயின் விளிம்பு உள்ளே மடங்கி, ஒரு விரல் நீளத்துக்கு வெடித்தும் இருந்தது. யா அல்லாஹ், இனி எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவேன் என்று அப்படியே ரோட்டில் குந்திவிட்டேன்.

நெல்லுக்குச் சொந்தக்காரர் ஓடி வந்தார். ஆதம்பாவா என்று பெயர், அறுபது வயதிருக்கும்.

"என்ட நெல்லுல ஏத்தாம உங்கட சில்ல உடைச்சிட்டீங்களே தம்பி! எந்த ஊரு? ஆருட மருமகன்?"

இந்த இடத்தில்தான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். எங்கள் பக்கத்தில் யாராவது 'ஆருட மருமகன்' என்று கேட்டால், உயிர் போகிற நேரத்திலும் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லியே பழக்கம். சாய்ந்தமருது, இன்ன தெரு, இஸ்மாயில் மாஸ்டரின் மூத்த மருமகன், வெள்ளிக்கிழமை மச்சானுக்குக் கல்யாணம் என்று வம்சம் முழுவதையும் ஒப்புவித்தேன். அவர் என் கையைப் பிடித்து துஆச் செய்து, ஸ்பெயார் இரும்புச் சில்லைப் போடவும் உதவி செய்து அனுப்பி வைத்தார்.

கல்முனையில் ஒரு டயர் கடைக்குப் போனேன். கடை மெக்கானிக் பாஸ் றிம்மைத் தூக்கி வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்தார்.

"வளைஞ்சத நிமித்தலாம். வெடிச்சத ஒட்டலாம். ஆனா பழைய மாதிரி வராது."

"இதே மாதிரி வேற ஒண்டு எடுக்க ஏலாதா பாஸ்?"

"கொழும்பில தேடோணும். ரெண்டு கிழமையாவது போகும்."

"வெள்ளிக்கிழமை கல்யாணம் பாஸ்."

"உங்களுக்கா?"

"கார்க்காரனுக்கு."

மையத்து வீட்டுக்கு வந்தவர் போல பாஸ் என் தோளில் கை வைத்தார். பிறகு சூடு காட்டி, அடித்து நிமிர்த்தி, வெடிப்பை வெல்டிங் செய்து, புது டயரைப் போட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினார். ஒட்டிய இடத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழி வந்துகொண்டே இருந்தது. "மெல்லமாக் காத்துப் போகும். ஒரு நாளைக்கு அஞ்சு தரம் அடிச்சா நிக்கும். மெதுவா ஓடுங்க, தூரம் போயிராதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து, அந்தச் சில்லு மதில் பக்கம் மறைகிற மாதிரி காரை நிறுத்தினேன். ஆனால் யாரும் காரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஹஸீனாவின் தாய், என் மாமி மட்டும், "களைச்சுப் போய் வந்திரிக்கீங்க மகன்" என்று ஒரு முட்டை கூடப் பொரித்து வைத்தா. அந்த முட்டையைத் தலை குனிந்துகொண்டே தின்றேன்.

அதற்குப் பிறகு மூன்று நாளும் நரகம். பக்கத்து வீட்டில் ஒரு சைக்கிள் பம்பை இரவல் வாங்கி மதில் மூலையில் ஒளித்து வைத்தேன். ஐந்து நேரமும் பாங்குக்குக் கால் மணித்தியாலம் முன்பே பள்ளிக்குப் போவதாகச் சொல்லி வெளிக்கிட்டு, காருக்கும் மதிலுக்கும் நடுவில் குந்தியிருந்து காற்றடித்தேன். சைக்கிள் பம்பால் கார் சில்லுக்குக் காற்றடித்திருக்கிறீர்களா? பகைவனுக்கும் வேண்டாம்.

"மாஷா அல்லாஹ், நம்மட மருமகன் பாங்குக்கு முன்னமே பள்ளிக்குப் போறார்" என்று மாமா இஸ்மாயில் மாஸ்டர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"உள்ளங்கை ஏன் இப்பிடிச் சிவந்து கிடக்கு?" என்று ஹஸீனா கேட்டாள்.

"கூட நேரம் கையேந்தி துஆக் கேட்டன்."

அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. என் பக்தியை, ஈமானை நினைத்து அழுகிறாள் என்று நம்பினேன். (அவ்வளவு மடையன் நான்.)

வியாழக்கிழமை பின்னேரம் மச்சான் துணியும் பிரஷும் எடுத்துக்கொண்டு வந்தான். சரி, முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் மூன்று சில்லை மினுக்கி முடித்து, மதில் பக்கம் ஒரு முறை பார்த்தான். "அங்கால கை போகாது. கிடக்கட்டும்" என்று எழும்பிப் போய்விட்டான். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி இரண்டு ரக்அத் ஷுக்ர் தொழுதேன்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வெளிக்கிட்டார். ஓட்டுவது நான்தான். வேறு யாரையும் அந்தச் சீட்டில் உட்கார விடுவேனா? என் பக்கத்தில் மாமா. பின்னால் நீளக் கோட்டும் தலைப்பாகையுமாக மச்சான், இரண்டு பெரியவர்கள். காருக்குப் பின்னால் வேன்கள். முன்னால் மோட்டார் சைக்கிளில் வீடியோக்காரர். கல்முனை பஸாரைத் தாண்டும்போதே ஸ்டீயரிங் வலது பக்கம் இழுக்கத் தொடங்கியது. பாரம் கூடிவிட்டது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. வாயில் வந்த ஓதலெல்லாம் ஓதினேன். கார் வலது பக்கம் சாய்ந்துகொண்டே போனது.

பின்னாலிருந்து மச்சானின் குரல் மெதுவாக வந்தது.

"ஓரமா நிப்பாட்டுங்க மச்சான்."

"ஏ... என்னத்துக்கு மச்சான்?"

"காத்தடிக்கத்தான். டிக்கியில நல்ல பம்ப் இரிக்கி. வாப்பா புதன்கிழமையே வாங்கி வெச்சிட்டார்."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா ரோட்டைப் பார்த்தார்.

"ஆதம்பாவா செவ்வாய்க்கிழமையே நம்பர் தேடி எடுத்துக் கதைச்சிட்டார், மருமகன்" என்றார். "'உங்கட மருமகன் தங்கம். ஒரு நெல்லு மணி நசியல்ல. சில்லத்தான் உடைச்சிட்டார்' எண்டு சொன்னார். நீங்க வீட்டுக்கு வாறத்துக்கு முதலே எங்களுக்குத் தெரியும். வாயே திறக்கக் கூடாது, மருமகன் வெக்கப்படுவார் எண்டு மாமி சத்தியம் வாங்கிட்டா."

மூன்று நாள். பதினைந்து நேரம். மதில் மூலையில் நான் குந்தியிருந்து முக்கி முனகியதெல்லாம் மாமியின் குசினி ஜன்னலால் தெரிந்திருக்கிறது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று அன்றைக்கு நினைத்த மாதிரி அதற்கு முன்னும் நினைத்ததில்லை, பின்னும் நினைத்ததில்லை. ரோட்டோரம் இறங்கி நின்று, கண் கலங்க, "ஒரு வார்த்தை ஏசிருங்க மச்சான்" என்று கெஞ்சினேன்.

"கூடப் பிறந்த ராத்தாட மாப்பிள்ளைய எப்பிடி ஏசுற?" என்றான் அவன். ஆனால் சில்லருகில் குனிந்து அந்த வெல்டிங் தழும்பைப் பெருவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்தான். அந்த ஒரு தடவலில் ஏழு வருட ஏச்சும் இருந்தது.

பம்பை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. "நீங்க மூணு நாளா அடிச்சிட்டீங்க. இது என்ட கார்" என்று தலைப்பாகையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, கோட்டு நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு, நடுரோட்டில் கால் பம்பை மிதிக்கத் தொடங்கினான். வேன்களிலிருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். கடைக்காரர்கள் வந்தார்கள். பஸ் ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது. வீடியோக்காரர் மூன்று பக்கத்திலிருந்தும் எடுத்தார். நான் தலைப்பாகையை ஏந்திக்கொண்டு, உயிரோடு நின்றேன்.

இரண்டு கிழமையில் கொழும்பிலிருந்து வேறு அலோய் வந்தது. கார் சரியாகிவிட்டது. வீடியோ அப்படியே இருக்கிறது. மச்சானின் மகளுக்கு இப்போது ஐந்து வயது. சோறு ஊட்ட வேண்டுமென்றால் அந்த வீடியோவைத்தான் போட வேண்டும். வாப்பா பம்பு மிதிக்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பாள்.

போன மாதம் நிந்தவூரில் ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி நேரே பெண் வீட்டுக்குள் போகப் பார்த்தார். மச்சானின் மகள் சபை நடுவில் நின்று சத்தமாகக் கேட்டாள்:

"வாப்பா, இந்த மாப்பிள்ளை காத்தடிக்காமப் போறாரே, நிகாஹ் செல்லுமா?"

மச்சான் என்னைத் திரும்பியும் பார்க்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு சொன்னான்:

"செல்லும் மகள். பாவம், அவருக்கு இப்பிடி ஒரு மச்சான் கிடைக்கல்ல."