குவைத்து சிஸ்டரும் அடங்காத டெலஸ்கோப்பும்

திட்டியே நோயாளிகளைக் குணப்படுத்திய நர்சுகள் உண்டு. ஒரு டெலஸ்கோப்பைத் திட்டியும் விசாரித்தும் குணப்படுத்தியவர், நானறிய, குவைத்து சிஸ்டர் ஒருவர்தான்.

2012 வாக்கில் நாகர்கோவிலில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டலில் நாங்கள் இருவரும் ஒரே அறை. குவைத்திலிருந்து திரும்புகிறவர்கள் நகை, சோப்பு, பால்பவுடர் கொண்டுவருவார்கள். சிஸ்டர் கொண்டுவந்தது மோட்டார் ஸ்டாண்டோடு ஒரு டெலஸ்கோப். ரிமோட்டில் கிரகத்தின் பெயரை அமுக்கினால் அதுவே திரும்பிக் காட்டுமாம். ஆனால் முதலில் இரண்டு நட்சத்திரங்களை அதற்கு நாம் அடையாளம் காட்ட வேண்டும். குவைத்துக் கடைக்காரர் ஒருமுறை செய்துகாட்டியிருக்கிறார். அதுவரை சிஸ்டருக்கு வானத்தில் அறிமுகமானது நிலா மட்டும்.

தினமும் டியூட்டி முடிந்ததும் யூனிபார்மோடு மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார். மோட்டாரைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்பார். பேட்டரி மாற்றுவதற்குக் குளுக்கோஸ் ஏற்றுவதென்று பெயர். சொன்னபடி திரும்பாவிட்டால் வார்டில் திட்டுவதைப்போலவே திட்டுவார். ஒருநாள் அவர் அடையாளம் காட்டிய நட்சத்திரம் பையப் பைய நகர்ந்து திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கிவிட்டது. செல்போன் டவரின் சிவப்பு விளக்கைச் செவ்வாய் என்று எங்களுக்கெல்லாம் வரிசையில் நிற்கவைத்துக் காட்டினார். சனி கிரகத்தைக் கேட்டால் குழல் சுற்றிவந்து பக்கத்து வீட்டு அடுக்களை ஜன்னலில் நிற்கும். அந்த வீட்டம்மா வார்டனிடமே வந்துவிட்டார்.

"எங்க வீட்டுல என்ன கறின்னு தெரியணும்னா வந்து கேக்கச் சொல்லுங்க. குழல் வச்சுப் பாக்காண்டாம்."

இந்தச் சமயத்தில்தான் களியக்காவிளையிலிருந்து சிஸ்டரின் அண்ணன் வந்தார். அங்கே ரப்பர் ஷீட் வியாபாரம். தங்கை நகை வாங்காமல் குழல் வாங்கிய செய்தி அவருக்குத் தாமதமாகத்தான் எட்டியது. விற்க ஆள் பார்த்துவிட்டு, கையோடு தூக்கிப்போகவே வந்திருந்தார். விற்கும் சாமானை ஒருதடவை பார்த்துவிட்டாவது போங்கள் என்றார் சிஸ்டர். ஆண்களுக்கு மாடியில் அனுமதியில்லை. எனவே நாங்கள் மிஷினை முற்றத்துக்கு இறக்கினோம். பார்வையாளர் எட்டு மணிக்கு வெளியேற வேண்டும். வார்டன் கேட்டருகே சாவியோடு நின்றார்.

சிஸ்டர் இரண்டு நட்சத்திரங்களைக் காட்டினார். மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி காட்டினார். மறுபடியும் இல்லை. அண்ணன் வாட்சைப் பார்த்தார். சிஸ்டர் திட்டவில்லை, அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. பிறகு, புதிதாக வந்த நோயாளியை விசாரிப்பதுபோல, ரிமோட்டில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தேதி சரி. நேரம் சரி. ஊர் என்ற இடத்தில் விரல் நின்றது.

"எனக்க பொன்னு மக்கா, நீ இன்னும் குவைத்துலயா நிக்கிய?"

கடைக்காரர் போட்டுக்கொடுத்த ஊரை யாரும் மாற்றவேயில்லை. அங்கே உயரத்தில் தெரிகிற நட்சத்திரம் நம்மூரில் தென்னை மட்டைக்குக் கீழே கிடக்கும். பாவம், அது குவைத்து வானத்தையே தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஊரை மாற்றி, நட்சத்திரங்களைக் காட்டி, சனியை அமுக்கினார். குழல் அடுக்களையைத் தாண்டியது, தென்னையைத் தாண்டியது, நின்றது. சிஸ்டர் குனிந்து பார்த்தார். அண்ணனின் தோளைப் பிடித்துக் குனியவைத்தார். அண்ணன் நிமிர நெடுநேரமாயிற்று.

"ஏட்டி, இது நெசமாட்டு மேல நிக்கதா? இல்ல, உள்ள படம் ஒட்டி வச்சிருக்கியா?"

"முன்னால கைய வச்சு மறைச்சுப் பாருங்க அண்ணா."

மறைத்துப் பார்த்தார். போயிற்று. கையை எடுத்தார். வளையத்தோடு வந்து நின்றது.

"இது இஞ்சயே இருக்கட்டு" என்றார், கண்ணை எடுக்காமல். எட்டு அடித்ததைச் சொல்ல வந்த வார்டன், சொல்லாமல் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.

அடுத்த வருடம் சிஸ்டர் குழலையும் எடுத்துக்கொண்டு மறுபடி வெளிநாடு போனார். அவருடைய கட்டிலுக்கு வேறொரு பெண் வந்தாள். சிஸ்டரின் இடத்தில் இன்னொருத்தியா என்று நான் இரண்டு நாள் அவளோடு பேசவேயில்லை. பாவம், அவள் என்ன செய்வாள்?