பேரிக்காயின் பதினேழாம் பக்கம்

ஜம்புநாதனின் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு வத்தக்குழம்பு "பேரிக்காய்" இதழின் பதினேழாம் பக்கத்தில் விழுந்தது. ஒரே சொட்டு. அதை அப்படியே விட்டிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அது சாதாரணப் பத்திரிகை இல்லை. 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸில், பேர்லேண்ட் என்ற ஊரில் குடியேறிய தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்திய கையெழுத்து இதழ். ஊர்ப் பெயரில் 'பேர்' இருந்ததால் பத்திரிகைக்குப் பேரிக்காய் என்று பெயர் வைத்தார்கள். ஒரே இதழ்தான் வந்தது. அதிலும் ஒரே பிரதிதான். எல்லோருடைய எழுத்தையும் வாங்கி, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், தன் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதியவர் ஆசிரியர் ஸ்ரீநிவாசன். இப்போது அவருக்கு எண்பது வயது. இத்தனை வருடமும் அதைப் பட்டுத்துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழக நூலகம் ஒன்று, இந்தப் பகுதித் தமிழர்களின் பழைய எழுத்துகளையும் பதிவுகளையும் சேர்த்துப் பாதுகாக்க முன்வந்திருந்தது. சனிக்கிழமை காலை கோயில் ஹாலில் விழா வைத்து இதழை ஒப்படைப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் தமிழ்ச் சங்கத்துக்காக ஒரு ஸ்கேன் எடுத்து வைக்கும் பொறுப்பை, டேட்டாபேஸ் வேலை பார்க்கும் ஜம்புநாதன் தானே கேட்டு வாங்கியிருந்தார்.

"சாப்பிட்டுக்கிட்டே தொடாதப்பா" என்று ஸ்ரீநிவாசன் சொல்லித்தான் கொடுத்தார்.

"அங்கிள், நான் என்ன குழந்தையா?" என்று சொல்லித்தான் இவரும் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை மதியம், வீட்டிலிருந்து வேலை. பதினாறு பக்கம் ஸ்கேன் முடிந்திருந்தது. பசித்தது. குழம்பு விழுந்தது.

ஜம்புநாதன் உடனே ஒரு வெட் வைப்ஸ் எடுத்துத் துடைத்தார். குழம்பு போய்விட்டது. கூடவே ஒரு கவிதையின் கடைசி நான்கு வரிகளும் போய்விட்டன.

ஈரம் பரவாமல் இருக்க மனைவியின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்தார். தாள் காய்ந்தது. காய்ந்து அப்பளம் மாதிரி சுருண்டது.

சுருக்கத்தை எடுக்க இஸ்திரிப் பெட்டியை வைத்தார். அது ஸ்டீம் மோடில் இருந்தது அவருக்குத் தெரியாது. 'புஸ்' என்று ஒரு சத்தம். பெட்டியைத் தூக்கிப் பார்த்தபோது பதினேழாம் பக்கத்தின் நடுவில், இஸ்திரிப் பெட்டி வடிவத்தில், டைனிங் டேபிள் தெரிந்தது.

மாடியிலிருந்து இறங்கி வந்த ராஜலக்ஷ்மி மோப்பம் பிடித்தாள். "என்ன கருகற வாசனை?"

"வரலாறு" என்றார் ஜம்புநாதன்.

அவள் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். "அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"கவிதை. தலைப்பு 'டெக்சாஸ் வெயில்'. எழுதினவங்க பேரு அனந்தலக்ஷ்மி. ஆச்சரியக்குறி நிறைய இருந்துச்சு. மத்தது ஞாபகம் இல்ல."

"ஸ்ரீநிவாசன் அங்கிள்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"ராஜி, அவர் ஹார்ட்ல ரெண்டு ஸ்டென்ட் இருக்கு. முப்பத்தெட்டு வருஷமா குழந்தை மாதிரி வச்சிருந்திருக்கார். என்கிட்ட வந்து முப்பத்தெட்டு மணி நேரம் கூட ஆகல."

ராஜலக்ஷ்மி யோசித்தாள். அவளுக்கு எந்தப் பிரச்சினையையும் வாட்ஸ்அப்பில் தீர்த்துத்தான் பழக்கம். சங்கத்துக் குரூப்பில் போட்டாள்: "பேரிக்காய் இதழில் வந்த 'டெக்சாஸ் வெயில்' கவிதை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? சும்மா ஒரு ஆர்வம்."

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "அது நான் எழுதினது! இப்ப ஆஸ்டின்ல பொண்ணு வீட்ல இருக்கேன். ஒரு வரி கூட ஞாபகம் இல்லை. நாளைக்கு விழாவுக்கு வந்து நானே மேடையில வாசிக்கறேன். அனந்தலக்ஷ்மி."

கீழே நாற்பத்தோரு பேர் கைதட்டியிருந்தார்கள்.

ஜம்புநாதனின் போன் அடித்தது. ஸ்ரீநிவாசன்.

"ஜம்பு, குரூப்ல பார்த்தேன். பதினேழாம் பக்கத்துல ஏதாவது... தப்பா இருக்கா?" அவர் குரல் நடுங்கியது.

"சே சே, ஒண்ணுமே இல்ல அங்கிள்! அருமையா இருக்கு!"

"அப்படியா? அப்ப சரி." பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் போனை வைத்தார்கள்.

"பாவம், அவருக்கு வாசனை அடிச்சிடுச்சு" என்றார் ஜம்புநாதன். "ராஜி, வேற வழியே இல்ல. நாமளே கவிதை எழுதிடலாம்."

முதலில் பழைய தாள் வேண்டும். ராஜலக்ஷ்மி தன் காலேஜ் தாவரவியல் ரெக்கார்டு நோட்டை, கிரீன் கார்டுக்கு எதற்காவது கேட்பார்கள் என்று பத்திரமாக வைத்திருந்தாள். அதில் செம்பருத்திக்குப் பிறகு ஒரு வெற்றுத்தாள் இருந்தது. பழுப்பு போதவில்லை என்று டீயில் நனைத்தார்கள். வீட்டில் இருந்தது இஞ்சி ஏலக்காய் டீ மட்டும்தான்.

தாள் காய்வதற்குள் ஜம்புநாதன் கவிதையைத் தொடங்கினார்.

"வெயிலே வெயிலே டெக்சாஸ் வெயிலே!
வடாம் காய்ந்தது அரைமணி நேரத்திலே!
துவைத்த புடவை காய்வதற்கு முன்னே
பக்கத்து வீட்டான் புகார் எழுதினானே!
வாட்ஸ்அப்பில் அழுதேன் அம்மாவிடமே!"

பதினைந்து வயது மகள் மானஸா சீரியல் கிண்ணத்தோடு பின்னால் நின்று பார்த்தாள். "வாட்ஸ்அப்? இன் நைன்டீன் எயிட்டி சிக்ஸ்? ரியலி, டாட்?"

கடைசி வரியை அடித்தார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பேனாவைக் கடித்தார். மோட்டுவளையைப் பார்த்தார். 'வெயிலே'வுக்கு எதுகையாக 'மயிலே' என்று எழுதிவிட்டு, பேர்லேண்டில் மயில் ஏது என்று அதையும் அடித்தார்.

"இங்க கொடுங்க" என்று ராஜலக்ஷ்மி வாங்கினாள். அவள் இந்த ஊருக்கு வந்த முதல் இரண்டு வருடம், லைசென்ஸ் இல்லாமல் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள். யோசிக்காமல் எழுதினாள்.

"கார் ஓட்டத் தெரியாதவளுக்கு
இந்த ஊரில்
நிழல்கூட இருபது மைல்."

ஜம்புநாதன் இரண்டு தடவை படித்தார். "ஆச்சரியக்குறி வேண்டாமா?" என்றார்.

"வேண்டாம்."

ஸ்ரீநிவாசனின் கையெழுத்தைப் போலச் செய்வதுதான் பெரும்பாடு. அவருடைய 'ழ' வால் நீட்டிக்கொண்டு அடுத்த வரிவரை போகும். ராஜலக்ஷ்மி நாற்பது 'ழ' போட்டுப் பழகிவிட்டு எழுதினாள். கருகிய பக்கத்தைப் பிளேடால் அறுத்து எடுத்து, புதிய பக்கத்தைப் பசையால் ஒட்டி முடித்தபோது ஜம்புநாதனின் இடது கை ஆள்காட்டி விரலும் இதழோடு சேர்ந்து ஒட்டியிருந்தது.

"இட்ஸ் ஃபோர்ஜரி, யூ நோ" என்றபடி மானஸா நெயில் பாலிஷ் ரிமூவரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சனிக்கிழமை ஹாலில் எண்பது பேர் கூடியிருந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஆவணக் காப்பாளர் ஓவியா வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் வெள்ளைக் கையுறை, கழுத்தில் பூதக்கண்ணாடி. ஜம்புநாதனுக்கு அவளைப் பார்த்ததும் போலீஸைப் பார்த்த மாதிரி இருந்தது.

அவள் இதழை வாங்கி முகர்ந்தாள். "இஞ்சி வாசனை வருதே?"

"அந்தக் காலத்துல எல்லாரும் நிறைய டீ குடிப்பாங்க மேடம்."

நல்லவேளையாக அதற்குள் அனந்தலக்ஷ்மியை மேடைக்கு அழைத்துவிட்டார்கள். எழுபத்து மூன்று வயது. வெண்பட்டுப் புடவை, காலில் ஸ்னீக்கர்ஸ். ஓவியா பக்கத்தைப் பிரித்துப் பிடிக்க, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

வடாத்துக்கு ஹால் சிரித்தது. புகாருக்குக் கைதட்டியது. ஜம்புநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நிழல்கூட இருபது மைல்" என்று முடித்துவிட்டு அனந்தலக்ஷ்மி நிறுத்தினார். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"இதை எழுதின நாள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. டிரைவிங் டெஸ்ட்ல நாலாவது தடவையா ஃபெயில் ஆகி வந்து, கிச்சன்ல நின்னுக்கிட்டே எழுதினேன். இத்தனை வருஷம் கழிச்சும் ஒரு எழுத்து மாறல!"

எழுந்து நின்று கைதட்டினார்கள். ராஜலக்ஷ்மியும் கைதட்டினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்ததற்குக் காரணம் ஜம்புநாதனுக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் வரிசையில் ஸ்ரீநிவாசன் மட்டும் கைதட்டவில்லை. வாயைத் திறந்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பிறகு மெல்லத் திரும்பி ஜம்புநாதனைப் பார்த்தார்.

முடிந்தது என்று நினைத்தார் ஜம்புநாதன். ஒவ்வொரு எழுத்தும் அவர் கையால் எழுதியது. தெரியாமல் இருக்குமா?

ஸ்ரீநிவாசன் எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "ஜம்பு. அந்தப் பதினேழாம் பக்கம்..."

"அங்கிள், நானே சொல்லணும்னு..."

"நல்லா இருக்கு" என்றார் அவர் அவசரமாக. "ரொம்ப நல்லா இருக்கு. அதோட விட்டுடு." சொல்லிவிட்டு, எண்பது வயதில் யாரும் நடக்க முடியாத வேகத்தில் புளியோதரை வரிசைக்குப் போய்விட்டார்.

என்ன பெருந்தன்மை! எல்லாம் தெரிந்தும் நம் மானத்தைக் காப்பாற்றிவிட்டாரே என்று ஜம்புநாதன் உருகிப்போனார். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து கிளம்பினார். அதற்குள் ஓவியா குறுக்கே வந்தாள். அவள் முகம் சரியில்லை.

"சார், ஒரு நிமிஷம் தனியா வர்றீங்களா?"

செருப்பு ஸ்டாண்டு பக்கம் கூட்டிப்போனாள். பூதக்கண்ணாடியை ஜம்புநாதன் கையில் கொடுத்து, முதல் பக்கத்தைத் திருப்பி, தையலை ஒட்டிய மூலையைக் காட்டினாள். தாளின் பின்புறம் பொடிப்பொடியாக ஏதோ அச்சாகியிருந்தது. நோட்டு கம்பெனியின் பெயர். அதன் கீழே கம்பெனியின் வெப்சைட் முகவரி.

அடுத்த தாளைத் திருப்பினாள். அதிலும் வெப்சைட். அதற்கடுத்ததிலும்.

"எயிட்டி சிக்ஸ்ல ஏது சார் வெப்சைட்? ஒரிஜினலுக்கு என்ன ஆச்சோ, யாரோ சமீபத்துல உட்கார்ந்து முழுசா எழுதியிருக்காங்க" என்றாள் ஓவியா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஸ்ரீநிவாசன் அங்கிள்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னே தெரியல. மொத்தப் பத்திரிகையிலயும் ஒரே ஒரு பக்கம்தான் சார் ஒரிஜினல். பதினேழு."